நாற்பத்தொரு சிப்பங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அத்தையும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கைப்பழக்கத்தில் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்த முறை அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. சுகமாக இருக்கிறாயா கண்ணு? மூச்சு சரியாக வருகிறதா? கையிலோ கழுத்திலோ முகத்திலோ கொப்புளம் ஏதாவது வந்திருக்கிறதா, வலிக்காத கொப்புளம், நடுவில் கறுத்துப்போய்? இருந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் வைத்தியரிடம் போ, ஆலை வைத்தியர் வேண்டாம், வெளியில் பார். இல்லையென்றால் உட்கார்ந்து படி. இனி வரும் கப்பலில் இடப்பக்கம் சாய்ந்த தையல் போட்ட ரோமச் சிப்பம் வந்தால் அதை நீ பிரிக்கக் கூடாது, கிட்டேயே போகக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மீதியைச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுகிற ஆள் நீ, அதனால்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

உன் போன கடிதம் வந்தபோது நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைக்கவே பிடிக்கவில்லை. சிப்பங்கள் இறங்கும்போது சாய்ந்த தையலைக் கண்டால் அது அம்மா கை என்று தெரிந்துவிடுகிறது, மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் நானே பிரிக்கிறேன், சாக்கில் முகத்தை வைத்து நம் வீட்டு வாசனை வருகிறதா என்று பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைத் தையல் கொட்டகையில் இருக்கிற பதினான்கு பெண்களுக்கும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இடதுகையால் தைக்கிறேன் என்று இருபது வருடமாக என்னைக் கோணக்கைக்காரி என்று கூப்பிட்டவர்கள் அன்றைக்கு என் தையலைத் தடவிப் பார்த்தார்கள். வீட்டில் வாசித்தபோது அத்தைகூட மூக்கை உறிஞ்சினாள், கேட்டதற்குச் சளி என்று சொல்லிவிட்டாள். அதே கடிதத்தின் அடியில், பிரிக்கிற மேசைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி திங்கட்கிழமை குளிர்கிறது என்று வீட்டுக்குப் போனாள், புதன்கிழமை செத்துப்போனாள், மார்ச்சளி என்றார்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரிக்கு நான் அனுப்பிய பதில், கழுத்தில் துணி சுற்றிக்கொள், வெந்நீர் குடி. எப்பேர்ப்பட்ட மண்டு நான். இப்போது அந்த இரண்டு வரியைத் தவிர வேறு எதையும் படிக்க முடியவில்லை. அந்தப் பெண் கடைசியாகப் பிரித்தது பழைய கப்பலில் வந்த சிப்பம்தான், என்றாலும் அதன் தையல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஞாபகம் இருந்தாலும் எனக்கு எழுதாதே. இல்லை, எழுது.

இங்கே இந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. மேட்டு நிலத்தில் ஆடுகள் மந்தை மந்தையாக விழுந்தன, காலையில் மேய்ந்த ஆடு மத்தியானம் வயிறு ஊதி மூக்கில் ரத்தம் கட்டிக் கிடக்குமாம். முன்பெல்லாம் அப்படி விழுந்த ஆட்டை ரோமத்தோடு ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பார்கள், யாரும் சீண்ட மாட்டார்கள். ஆனால் எங்கேயோ இரண்டு ராஜாங்கம் சண்டை போடுகிறதாம், சிப்பாய்களுக்குப் போர்வை வேண்டுமாம், தந்தியில் ரோமத்தின் விலை தினமும் ஏறிக்கொண்டே வந்தது. அங்கே விலை ஏறினால் இங்கே செத்த ஆடுகூட எழுந்து கிடங்குக்கு நடந்து வந்துவிடுகிறது. தரகர்கள் குழிகளைத் திரும்பத் தோண்ட வைத்தார்கள். ஆட்டை இழந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அந்த ரோமமாவது மிஞ்சட்டும். ஒரு காலத்தில் இந்த ஊரிலேயே தறி இருந்தது, இங்கேயே நெய்து இங்கேயே போர்த்திக்கொண்டார்கள். கம்பெனித் துணி மலிவாக வந்து இறங்கியதும் தறியெல்லாம் அடுப்புக்குப் போனது என்று அப்பா சொல்வார். இப்போது ரோமம் நாற்பது நாள் கடலில் போய், போர்வையாகத் திரும்பி வந்து, அத்தையின் முழங்காலில் கிடக்கிறது. அதன் ஓரத்தில் உங்கள் ஆலையின் முத்திரை, வட்டத்துக்குள் ஏணி. உன் விரல் பட்ட ரோமமாக இருக்கும் என்று சொல்லி அத்தை அதைத் துவைக்கவே விடுவதில்லை.

மூன்று முடிச்சு விஷயம் உனக்குத் தெரியும், என்றாலும் நான் சொல்வது வரிசையாக வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். செத்த ஆட்டின் ரோமத்தை விழுந்த ரோமம் என்போம். அது அடைத்த சிப்பத்தின் வாயைத் தைத்து முடிக்கும்போது ஒரு முடிச்சுக்குப் பதிலாக மூன்று முடிச்சு போடுவோம். இது கம்பெனி சொல்லிக்கொடுத்ததில்லை, எந்தக் காகிதத்திலும் கிடையாது, இங்கே தைக்கிறவர்களுக்கும் அங்கே பிரிக்கிறவர்களுக்கும் நடுவில் எப்படியோ உண்டான பேச்சு. மூன்று முடிச்சைப் பார்த்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் சிப்பத்தை அப்படியே தொட்டியில் இறக்கி ஒரு பகல் ஊறவைத்து, தூசி எழும்பாமல் பிரிப்பார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, பாஷையும் வேறு, ஆனாலும் அந்த மூன்று முடிச்சு எல்லோருக்கும் புரிந்தது. வாங்குகிற தரகர்களுக்கும் புரிந்துபோனதுதான் வினை. சிப்பத்தின் வாயைத் தடவிப் பார்த்து முடிச்சை எண்ணி விலையைக் குறைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கம்பெனித் துரை கொட்டகைக்குள் வந்தார், வராத மனிதர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடுவில் நின்றார். அவர் பேசியதை மேஸ்திரி எங்களுக்குச் சொன்னார். முடிச்செல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம், இனிமே எல்லாச் சிப்பமும் ஒரே மாதிரி இருக்கணும், பாக்கிறவன் கண்ணுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது என்றார். கிடங்கில் மூன்று முடிச்சோடு நாற்பத்தொரு சிப்பம் நின்றது. முடிச்சை மட்டும் அறுத்தால் திரும்பக் கட்ட நூல் எட்டாது, அதனால் அத்தனை தையலையும் பிரித்து ஒற்றை முடிச்சாக மறுபடி தைக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல். ஒருமுறை தைத்த சாக்கில் அதே ஓட்டை வழியாகத் திரும்ப ஊசி போனால் சாக்கு கிழிந்துவிடும், அழுத்திக் கட்டிய சிப்பம் வாயைப் பிளந்துகொள்ளும். வலதுகைக்காரர்களின் தையல் எல்லாம் ஒரே பக்கம் சாயும். என்னுடையது மட்டும் எதிர்ப்பக்கம் சாய்வதால் பழைய ஓட்டைகளுக்கு நடுவில் புதிதாக விழும். கோணக்கை ஒருத்தியாலதான் இது முடியும் என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொன்னார். உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். எதற்காக முடிச்சை மறைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. பெருமையாக இருந்தது.

இன்னும் மோசமானதை இப்போது எழுதப் போகிறேன். சிப்பத்தின் பக்கத்தில் முத்திரை போட்டிருந்தார்கள், வட்டத்துக்குள் ஏணி. உன் ஆலைக்குத்தான் போகிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ பார்ப்பாய், பார்த்ததும் ஓடி வருவாய் என்று நினைத்துக்கொண்டே தைத்தேன். இரண்டு பகல், நாற்பத்தொரு சிப்பம். உனக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சாய்த்துத் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் தைத்ததில்லை. வேலை முடிந்ததும் துரை எனக்குக் காகிதத்தில் சுற்றிய புதுக் கோணி ஊசி ஒன்று கொடுத்தார், வெளிநாட்டு எஃகு. அது இப்போது சுவரில் குத்தியபடி இருக்கிறது, அந்தப் பக்கம் நான் பார்ப்பதே இல்லை.

அந்தச் சிப்பங்களைக் கிடங்கிலிருந்து துறைக்குத் தூக்கியவர்களில் உன் பெருமூச்சு மாமாவும் ஒருவர். நீ சின்னவளாக இருந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விட்டு உன்னைச் சிரிக்கவைப்பாரே, அவரேதான். சாப்பாட்டு வேளையில் சிப்பத்தில் கழுத்தைச் சாய்த்துத் தூங்குவது அவர் வழக்கம். கப்பல் கிளம்பிய அன்று கழுத்தில் ஏதோ பூச்சி கடித்த மாதிரி இருக்கிறது என்றார், தானே தொட்டுப் பார்த்து, வலிக்கவில்லை என்று சிரித்தார். மறுநாள் நடுவில் கறுத்தது, அதற்கடுத்த நாள் கழுத்தும் முகமும் ஒன்றாக வீங்கிப்போனது, நான்காம் நாள் ஆள் இல்லை. கம்பெனி வைத்தியர் காய்ச்சல் என்று எழுதினார். ஆனால் வெறும் காய்ச்சலுக்கு அவருடைய பாயையும் சட்டையையும் எதற்காகக் கொளுத்தினார்கள்? கிடங்குத் தரையில் எதற்காகச் சுண்ணாம்பு அடித்தார்கள்? தைக்கும்போது என் கட்டைவிரலிலும் ஊசி ஏறியது. மணிக்கு ஒரு தடவை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறிவிட்டது, வருவதாக இருந்தால் இதற்குள் வந்திருக்கும் என்று சொல்கிறார்கள், நீ அதை நினைத்துப் பயப்படாதே. என் பயமெல்லாம் உன் முகத்தை நினைத்துத்தான், அந்தச் சாக்கில் நீ வைக்கிற முகம்.

மேஸ்திரியிடம் போனேன். அந்த ஆலைக்குச் சொல்லியனுப்புங்க, நனைச்சுப் பிரிக்கச் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. கப்பல் ஏறின சரக்கு நம்ம சரக்கு இல்லம்மா, கடல்ல போய்க்கிட்டு இருக்கும்போதே தந்தியில மூணு கை மாறியாச்சு, இன்னைக்கு அது யாரோடதுன்னு துரைக்கே தெரியாது, நான் யாருக்குன்னு சொல்லி அனுப்புறது என்றார். கை எத்தனை மாறினாலும் ஏணி முத்திரை மாறவில்லையே என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆடு மேய்த்தவருக்குச் சொந்தமில்லை, துரைக்குச் சொந்தமில்லை, வாங்கியவர் அதைக் கண்ணால் பார்க்காமலே விற்றுவிட்டார். அந்த நாற்பத்தொரு சிப்பத்துக்கும் உரியவர் யார் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது, தைத்தவள் யார் என்று மட்டும் தெரியும். நீயே ஒரு தந்தி அடித்திருக்கலாமே என்று கேட்பாய். தந்தி ஆபீஸ் கம்பெனி வாசலுக்கு உள்ளே இருக்கிறது, எழுதிக்கொடுக்கிற தாளை வாங்கிப் படிக்கிறவர் மேஸ்திரியின் மருமகன்.

கப்பல் கிளம்பி இன்றோடு ஒன்பது நாள். அது சரக்குக் கப்பல், துறைமுகம் துறைமுகமாக நின்று நாற்பது நாளில் அங்கே வரும். தபால் கப்பல் நாளை மறுநாள் கிளம்பினால் இருபத்திரண்டு நாளில் வந்துவிடும் என்று அதில் சமையல் செய்கிறவர் சொன்னார். உனக்கு ஒருமுறை வடகம் மாதிரி சுருண்டுபோன செருப்பு கொண்டுவந்து கொடுத்தாரே, அவர்தான். கம்பெனித் தபால் பெட்டியில் போடாமல் கடிதத்தை அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்ததில் ஒரு வாரம் நமக்கு மிச்சமாகிறது. நடுவில் காற்று எதிர்த்தால், கொதிகலன் கெட்டால், அவர் குடித்துவிட்டு மறந்தால் என்று யோசிக்க ஆரம்பித்தேன், அத்தை எழுதுகோலை என் கையில் திணித்து, யோசிக்கிற நேரத்துல எழுதித் தொலை என்றாள்.

அப்பாவுக்கு இதைச் சொல்வதே பெரும்பாடாகிவிட்டது. அழுத்து இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, ரகசியத்தை அவருக்குச் சொல்ல வேண்டுமானால் தெருவுக்கே சொல்ல வேண்டும். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். உதடு அசைய அசையப் படித்துவிட்டு வாயைத் திறந்தார், அத்தை பாய்ந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். வீடும் அவங்களோடது வேலையும் அவங்களோடது, இந்தக் காகிதம் அவங்க கையில சிக்கினா மூணு பேரும் தெருவிலதான் நிக்கணும், பிள்ளைக்கு மட்டும் தெரிஞ்சா போதும், அந்த வாரம் காய்ச்சல்னு வீட்டுல படுக்கச் சொல்லு, படிச்சதும் கிழிச்சுப் போடச் சொல்லு என்றார். அவர் சொல்வது சரிதான் என்று எனக்கும் பட்டது. அதனால் அப்படியே செய் கண்ணு. ஏணி முத்திரைச் சிப்பங்களோடு கப்பல் வந்த அன்றைக்கே உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள். பத்து நாள் ஆலைப் பக்கம் போகாதே. கூலி போனால் போகட்டும். கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. அத்தை கல்யாணப் பேச்சு ஏதாவது உண்டா என்று கேட்கச் சொல்கிறாள், இந்தக் கலவரத்திலும் அவளுக்கு அந்தக் கேள்வி மறக்கவில்லை.

மேலே எழுதியது நேற்று. இப்போது மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்து எழுதுகிறேன். மூச்சு வாங்குகிறது, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

காலையில் கொட்டகையில் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருப்பவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒன்று தோன்றி ஊசி பாதியில் நின்றுவிட்டது. நீ காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தால் என் சிப்பங்கள் பிரிக்கப்படாமலா நிற்கும்? உன் இடத்தில் அன்றைக்கு யார் நிற்பார்கள்? நீ அங்கே போய் இறங்கியபோது படுக்க இடமில்லாமல் நின்றாயே, யாரென்று தெரியாமலே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாளே பக்கத்து மேசை அக்கா, கைக்குழந்தைக்காரி, அவள்தானே நிற்பாள்? வேலை முடிந்து அதே கையோடுதானே குழந்தையைத் தூக்குவாள்? நேற்று முழுக்க உட்கார்ந்து இவ்வளவு எழுதினேன், அவள் ஞாபகம் எனக்கு ஒரு வரியில்கூட வரவில்லை. உன்னைப் பற்றிய பயம் என் கண்ணை அப்படி மறைத்துவிட்டது. என் மகளைக் காப்பாற்றிக்கொண்டு இன்னொருத்தி மகளுக்கு அந்தச் சிப்பத்தைத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறேன். முடிச்சை மறைத்த துரைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அதனால் நேற்று எழுதியதில் படுத்துக்கொள் என்றதையும் அடுப்பில் போடு என்றதையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கடிதத்தைக் கிழிக்காதே. வேலைக்குப் போ. கப்பல் வருவதற்கு முன்னாலேயே பிரிக்கிற மேசைக்காரர்கள், கழுவுகிறவர்கள், சுமப்பவர்கள் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டு, அவரவர் பாஷையில் சொல்லு. அடையாளம் இதுதான்: தையல் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அதற்கு நடுவில் நூல் இல்லாத வெறும் ஓட்டைகள் வலப்பக்கம் சாய்ந்து வரிசையாக இருக்கும். இந்தக் கப்பலில் அந்த ஓட்டைகள் இல்லாமல் வெறும் சாய்ந்த தையல் மட்டும் இருந்தால் அது நான் எப்போதும் தைக்கிற நல்ல சிப்பம், பயமில்லை. ஓட்டை இருந்தால் மூன்று முடிச்சு இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். முழுதாகத் தொட்டியில் இறக்குங்கள், ஊறாமல் ஒரு நூலைக்கூட அறுக்காதீர்கள். மூக்கிலும் வாயிலும் துணி கட்டுங்கள், கையில் கீறல் இருக்கிறவர்கள் தள்ளி நில்லுங்கள், அங்கே உட்கார்ந்து யாரும் சாப்பிட வேண்டாம், சாய்ந்து தூங்கவும் வேண்டாம். சாக்கைக் கொளுத்திவிடுங்கள். நனைக்க விடமாட்டோம், வேலை தாமதமாகும் என்று உங்கள் மேஸ்திரி சொன்னால் ஒருவரும் கை வைக்காமல் நில்லுங்கள். நீ ஒருத்தி நின்றால் உன்னை அனுப்பிவிட்டு இன்னொருத்தியைக் கூட்டி வருவார்கள், எல்லோரும் நின்றால் அவர்களால் என்ன செய்ய முடியும்?

இதை எழுதிவிட்டு அப்பாவிடம் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். படித்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய சாக்குத் துண்டு, வலதுகைத் தையல் பிரித்த ஓட்டைகளோடு. இதுல உன் தையலைப் போட்டு உள்ள வச்சு அனுப்பு, எல்லாருக்கும் படிக்கவா தெரியும், பார்த்தா தெரிஞ்சுக்குவாங்கல்ல என்று தெருவே கேட்கிற மாதிரி சொன்னார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. அத்தை எழுந்து சாத்தப் போனாள், பாதியில் நின்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் சுவரிலிருந்து அந்தப் புது ஊசியை எடுத்துத்தான் தைத்தேன். தையல் அவ்வளவு நேராக வரவில்லை, அடையாளத்துக்குப் போதும்.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. கடிதம் உன் கைக்கு வந்து, நீ பதில் எழுதி, அது என் கைக்கு வரும்வரை எனக்கு ஒரு கவளம் சோறு இறங்காது. நீ நீண்ட ஆயுளோடு, நெஞ்சு நிறைய மூச்சோடு நன்றாக இருக்க வேண்டும், உன் மேசையைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் நன்றாக இருக்க வேண்டும், அந்த அக்காவின் குழந்தைக்கு என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு, கையைக் கழுவிவிட்டுக் கொடு. படித்துக் காட்டும்போது என்னைப் பற்றி எழுதியிருப்பதை விட்டுவிட்டுப் படிக்காதே. இதைத் தைத்தது யார் என்று கட்டாயம் கேட்பார்கள். யாரோ என்று சொல்லாதே. துரை சொன்னதால் தைத்தாள் என்றும் சொல்லாதே. கீழே இருக்கிறதை அப்படியே படி.

இப்படிக்கு,
நாற்பத்தொரு சிப்பங்களையும் தைத்தவள்,
உன் அம்மா.